கால்நடை வளர்ப்போரிடம் புதிய முறையைக் கொண்டு செல்வது எப்படி: முதன்முறை களத்துக்குப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

கால்நடை மருத்துவம் படித்து முடித்துக் கிராமப் பணிக்குச் செல்லும் இளையவர்களையும், தொண்டு அமைப்புகளின் சார்பில் களத்தில் இறங்குவோரையும், தாங்களே ஆடு மாடு வளர்க்கத் தொடங்கி அனுபவசாலிகளிடம் கற்றுக்கொள்ள விரும்புவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் களத்தில் இருந்ததில் நான் தெரிந்துகொண்டதை ஒரே கருத்தாகச் சுருக்கிச் சொல்ல முடியும். புதிய முறை எதுவும் வெறும் நிலத்தில் நடப்படுவதில்லை, ஏற்கெனவே வேர் விட்டிருக்கும் அறிவின்மேல் ஒட்டுக் கட்டப்படுகிறது. தாய்ச்செடி இன்னதென்று தெரியாதவர் கட்டும் ஒட்டு பிடிப்பதில்லை. கீழே உள்ள படிகள் அந்தத் தாய்ச்செடியை அறிந்துகொள்வதற்கும், அதன்பின் கத்தியை எடுப்பதற்கும் ஆனவை.

இது நல்லெண்ணத்துக்காகச் சொல்லும் வார்த்தை மட்டுமா என்று ஐயப்படுவோர் வெக்கை நோயின் வரலாற்றைப் பார்க்கலாம். ரிண்டர்பெஸ்ட் எனப்படும் அந்த நோய் மாட்டினத்தை நூற்றாண்டுகளாக மந்தை மந்தையாகக் கொன்று தீர்த்தது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவே. ஒழிந்துவிட்டதாக 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடித்தளமாக அமைந்தது வால்டர் ப்ளோரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி. ஆனால் அந்தத் தடுப்பூசிக்கு இடைவிடாத குளிர்ச்சி தேவைப்பட்டது. சாலையும் மின்சாரமும் இல்லாத ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் அரசு வாகனங்கள் போய்ச் சேர முடியாத இடங்களில் நோய் பதுங்கிக்கொண்டது. வெப்பத்தைத் தாங்கும் வகையில் தடுப்பூசி மேம்படுத்தப்பட்ட பிறகு, அதைச் சுமந்து நடந்து, தம் மாடுகளுக்குத் தாமே ஊசி போட்டவர்கள், அதற்கெனப் பயிற்சி பெற்ற மேய்ப்பர்கள். நோய் எந்த மந்தையில் இருக்கிறது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை ஆய்வாளர்கள் அறிந்துகொண்டதும் பெருமளவு மேய்ப்பர்கள் சொன்ன அடையாளங்களைக் கொண்டுதான். ஆய்வுக்கூடத்தின் அறிவும் பட்டியின் அறிவும் ஒன்றையொன்று எட்டியபோதே அந்த வேலை முடிந்தது.

முதல் படி: பேசுவதற்கு முன் பாருங்கள்

புதிதாக வருபவருக்கு உடனே எதையாவது சொல்லிவிட வேண்டும் என்ற பரபரப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் சில வாரங்கள் அதை அடக்கிக்கொண்டு, விடியற்காலைப் பால் கறவையிலிருந்து இரவு கட்டுத்தறியில் கடைசித் தீவனம் போடும் வரை, ஒரு வீட்டின் முழு நாளையும் குறைந்தது சில முறை உடனிருந்து பாருங்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் கிடைக்காத செய்திகள் அப்போதுதான் கிடைக்கும். ஏனெனில் வளர்ப்போரின் அறிவில் பெரும்பகுதி கையிலும் கண்ணிலும் இருக்கிறதே தவிர, சொல்லாக இருப்பதில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மாலையில் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், கடந்து செல்லும் சில ஆடுகளை மட்டும் கழுத்தோடு அணைத்துப் பிடித்து, கட்டை விரலால் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிடாய்க்குட்டியை மட்டும் விடாமல் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, அதன் கண் வெளுத்திருக்கிறது, நாளை மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்றார். நான் குனிந்து பார்த்தபோது இமையின் உட்புறம் இளஞ்சிவப்பு நிறம் போய்த் தாளைப்போல் வெளிறியிருந்தது. தாடைக்கு அடியிலும் இலேசான வீக்கம் இருந்தது. வயிற்றில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழுக்கள் மிகுந்தபோது ஏற்படும் சோகையின் அடையாளங்கள் இவை.

தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டு இன்று பல நாடுகளில் பயன்படும் ஃபமாச்சா என்ற வண்ண அட்டை செய்வதும் இதே வேலையைத்தான். இமையின் உட்புற நிறத்தைச் சிவப்பு முதல் வெளுப்பு வரை ஐந்து படிகளாகப் பிரித்து, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறது அந்த அட்டை. எல்லா ஆடுகளுக்கும் அடிக்கடி மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிடும் என்பதே அதன் பின்னுள்ள காரணம். அந்த மூதாட்டிக்கு அட்டை தேவைப்படவில்லை. அவர் கண்டுபிடித்த ஆட்டுக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதில்தான் என் உதவி தேவைப்பட்டது. அதைப் பார்க்காமல் நான் ‘சோகையைக் கண்டறிவது எப்படி’ என்று அவருக்கே வகுப்பு எடுத்திருந்தால், அடுத்த முறை அந்த வாசலில் எனக்கு இடம் இருந்திருக்காது.

இப்படிப் பார்க்க வேண்டியவை இன்னும் பல. காதின் அடியைத் தொட்டுக் காய்ச்சலை அறிவது, மூக்கு நுனியின் ஈரத்தைப் பார்ப்பது, அசை போடாமல் நிற்கும் மாட்டை இருட்டிலேயே கண்டுகொள்வது, சாணத்தை மிதித்துப் பார்த்தே தீவனம் செரித்ததா என்று சொல்வது ஆகிய ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கேட்கும் விதத்தை மாற்றுங்கள்

‘உங்களுக்கு மடிநோய் பற்றித் தெரியுமா?’ என்று கேட்டால் தேர்வு எழுதும் பிள்ளையைப்போல் எதிரில் இருப்பவர் தயங்குவார். ‘போன மழைக்காலத்தில் எந்த மாட்டுக்கு முடியாமல் போனது? முதலில் எதைக் கவனித்தீர்கள்? அடுத்த நாள் என்ன ஆயிற்று? யாரிடம் கேட்டீர்கள்? என்ன கொடுத்தீர்கள்?’ என்று ஒரு நடந்த நிகழ்வின் வழியே கேட்டால் அருவிபோல் செய்தி வரும். ஊரார் நோய்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உடனே பாடநூல் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். ஓர் ஊர்ப்பெயர் இரண்டு மூன்று நோய்களைக் குறிக்கலாம், ஒரே நோய்க்கு அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு பெயர் இருக்கலாம். பெயருக்கு அடியில் அவர்கள் சொல்லும் அடையாளங்களை வரிசையாக எழுதி, நான்கைந்து பேரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட்ட பிறகே, இது இன்ன நோயாக இருக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கலாம்.

எண்ணிக்கை தேவைப்படும்போது கூழாங்கற்கள் நல்ல கருவி. நூறு கற்களை வளர்ப்போர் முன்னே கொட்டி, ஓர் ஆண்டில் மந்தைக்கு வரும் நோய்களுக்கு ஏற்ப அவற்றைக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எது அதிகம், எது குறைவு, எது கொல்லும், எது தானாகப் போய்விடும் என்பதெல்லாம் அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்திலேயே வெளிப்படும். அந்த வாக்குவாதத்தைக் கேட்பதுதான் முக்கியம். கற்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததே.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் இதில் அடங்கும். கூட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவராக இருப்பார், கன்றை ஊட்டவிட்டுப் பால் கறந்து சாணம் அள்ளுபவரோ வீட்டில் இருக்கும் பெண்ணாக இருப்பார். மாடு பருவத்துக்கு வந்ததை முதலில் அறிபவரும் அவரே. கறக்கும்போது பால் குறைந்ததும், வாலடியில் கண்ணாடிபோன்ற சளி தொங்கியதும், மாடு நிலைகொள்ளாமல் கத்தியதும் அவர் கண்ணிலும் காதிலும்தான் முதலில் படுகின்றன. மேய்ச்சலுக்குப் போகும் சிறுவர்களுக்கு எந்தச் செடியை எந்த ஆடு தின்கிறது, எதைத் தின்னாமல் ஒதுக்குகிறது என்பது அத்துப்படி. இவர்களிடம் தனியே பேசாமல் எழுதப்படும் எந்தக் குறிப்பும் அரைக் குறிப்புதான்.

அவர்கள் சொல்வது முதலில் பொருந்தாததாகத் தோன்றினாலும் தள்ளிவிடாதீர்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மாசாய் மேய்ப்பர்கள், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானினம் குட்டி ஈனும் காலத்தில் அந்த நிலங்களுக்குத் தம் மாடுகளை ஓட்டுவதில்லை; ஓட்டினால் கண்ணும் மூக்கும் அழுகிச் சாகும் நோய் வரும் என்பது அவர்கள் தலைமுறைகளாக அறிந்த செய்தி. முன்பே குறிப்பிட்ட அதே ப்ளோரைட், 1960-ஆம் ஆண்டில் அந்த நோய்க்கான வைரஸை வில்டபீஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்தார். பிறந்து சில மாதங்களே ஆன குட்டிகள்தாம் வைரஸை மிகுதியாக வெளியேற்றுகின்றன என்பதும் பின்னர் தெளிவாயிற்று. வைரஸ் என்ற சொல் இல்லாமலேயே நோயின் இடத்தையும் காலத்தையும் மேய்ப்பர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

மூன்றாம் படி: எழுதி வையுங்கள், உரிமையை மறவாதீர்கள்

கைவைத்தியக் குறிப்பை எழுதும்போது செடியின் பெயரோடு நிறுத்திக்கொள்வது பயனற்றது. ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருக்கும், அவற்றில் ஒன்று நஞ்சாகவும் இருக்கலாம். இலையா, பட்டையா, வேரா, பூப்பதற்கு முன்பா பின்பா, பச்சையாகவா காயவைத்தா, ‘ஒரு கைப்பிடி’ என்பது யாருடைய கைப்பிடி, எத்தனை நாள், எந்த வயது மாட்டுக்கு, சினையாக இருந்தால் கொடுக்கலாமா என்ற அத்தனையையும் கேளுங்கள். கைப்பிடியைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். செடியின் ஒரு கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தி வைத்தால் பிறகு அறிந்தவரிடம் காட்டி உறுதிப்படுத்தலாம்.

எழுதுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். யாருக்காக எழுதுகிறீர்கள், எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லுங்கள். மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டதும், அது முன்பே அறியப்பட்ட செய்திதான் என்று நிறுவப்பட்டு 1997-இல் விலக்கிக்கொள்ளப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். மரபறிவைப் பயன்படுத்துவோர் அதன் உரிமையாளர்களின் ஒப்புதலைப் பெற்று, பலனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கை 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள். சொன்னதை எழுதியபின் அவருக்கே படித்துக் காட்டுங்கள். அந்த வேளையில்தான் பாதித் திருத்தங்கள் கிடைக்கும்.

நான்காம் படி: சேர்த்ததைத் தரம் பிரியுங்கள்

மரபாக வந்தது என்பதற்காக எல்லாமே நன்று என்று கொள்வது, எல்லாமே மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்குச் சற்றும் குறையாத தவறு. நான் மூன்று குவியலாகப் பிரிப்பது வழக்கம்.

முதற்குவியலில், காரணம் தெளிவாகத் தெரிந்த நல்ல வழக்கங்கள் வரும். வறட்சியில் குன்றிய சோளப் பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் இளந்தளிரிலும் மாட்டை விடக் கூடாது என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய இளம்பயிரில் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் மிகுந்திருக்கும். தின்ற மாடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழக்கூடும். ஈரமான இளம் பயறுவகைத் தீவனத்தைத் தின்று வயிறு உப்பிய மாட்டுக்குத் தாவர எண்ணெய் கொடுப்பதும் இக்குவியலைச் சேர்ந்ததே. வயிற்றில் தேங்கிய நுரையின் குமிழிகளை எண்ணெய் உடைப்பதால் வாயு வெளியேற வழி பிறக்கிறது. பால் கறப்பதற்கு முன் கன்றைச் சற்று ஊட்டவிடுவதும், மடியைத் தடவி இதமாகப் பேசுவதும் பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனை வெளியிடச் செய்கின்றன. இவற்றை எல்லோர் முன்னிலையிலும் மனமாரப் பாராட்டுங்கள். உங்கள் பாராட்டு உண்மையாக இருந்தால், பிறகு நீங்கள் குறை சொல்லும்போதும் காது கொடுப்பார்கள்.

இரண்டாம் குவியலில், உறுதியாகக் கேடு செய்பவை. தொப்புள்கொடியில் சாணத்தைப் பூசுவதால் இரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி உள்ளே நுழைய வாய்ப்புண்டு. சுத்தமான டிங்சர் அயோடினைத் தடவுவதே சரி. விழாத நஞ்சுக்கொடியில் கனமான பொருளைக் கட்டித் தொங்கவிடுவதும், கையால் இழுப்பதும் கருப்பையைப் புண்ணாக்கும். நோய் கண்ட இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது வேதனையை மட்டுமே கூட்டுகிறது. தலையை அளவுக்கு மீறி உயர்த்திப் பிடித்து மருந்தை ஊற்றுவதும், மூக்கு வழியே விடுவதும் மருந்தை நுரையீரலுக்குள் அனுப்பிவிடுகின்றன. எண்ணெயோ கஷாயமோ எதுவானாலும், தலையை இயல்பாக வைத்து, கடைவாயின் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊற்றி, மாடு இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும் என்பதை நீங்களே செய்து காட்டுங்கள். மருந்து நல்லதாக இருந்தும் ஊற்றிய விதத்தால் மாடு செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று அந்த வீட்டார் மருந்தைத்தான் குறை சொன்னார்கள்.

எஞ்சிய பெருங்குவியலில் இருப்பவை நமக்கு உறுதியாகத் தெரியாதவை. இவற்றை ஆராயப் பொறுமை வேண்டும். ‘மூன்று நாள் இந்த இலையைக் கொடுத்தேன், சரியாகிவிட்டது’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பல நோய்கள் தாமாகவே அடங்குபவை. கோமாரியில் வாய்ப்புண் நல்ல கவனிப்பு இருந்தால் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். அப்போது கையில் எந்த மருந்து இருந்ததோ அதற்கே பெயர் போய்ச் சேரும். ஆகையால், ஒத்த நிலையிலுள்ள பல மாடுகளில் சிலவற்றுக்குக் கைவைத்தியம், சிலவற்றுக்கு வழக்கமான சிகிச்சை என்று வளர்ப்போரின் சம்மதத்தோடு பிரித்து, நாள்தோறும் தீவனம் எடுத்த அளவையும் பாலையும் உடல் வெப்பத்தையும் குறித்து ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு மாடுகளில் கண்ட பலனை ஊருக்கே பொதுவாக்காதீர்கள்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான் போன்றவை சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கொல்பவை. இவற்றில் கைவைத்தியத்தைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடையாது. மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசியும் மாட்டை யாரும் அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அடைப்பான் மனிதருக்கும் தொற்றும். அதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு இருக்கும்.

ஐந்தாம் படி: புதிய முறையையும் அதே தராசில் வையுங்கள்

பழையதைச் சோதிக்கும் கண்டிப்பு புதியதற்கும் வேண்டும். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மாடுகளுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் அதைப் பெற்ற சில நாட்களில் இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. தெற்காசியாவின் கழுகினங்கள் அழிவின் விளிம்புக்குச் சென்றபின், 2004-இல் காரணம் தெளிவாகி, 2006-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தன. கழுகுகள் இல்லாத இடத்தில் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. அறிமுகப்படுத்தியபோது யாரும் தீங்கு நினைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவ்வளவு பெரிய தீங்கு நேராவிட்டாலும், புதிய முறை வீட்டின் உழைப்புக் கணக்கில் எங்கே இடிக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். என் தவறு ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன். வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தும் முறையில் எனக்குப் பெரும் ஆர்வம் இருந்தது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறக்குறைய 50 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், செரிமானத் தன்மையும் புரதமும் கூடும். அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் குவிந்திருக்கும் நேரம்தான் பொருத்தமானது என்று எண்ணி அப்போதே செய்துகாட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், ஒருவர்கூடத் திரும்பச் செய்யவில்லை. மறு ஆண்டு காரணத்தை விசாரித்தபோதுதான் புரிந்தது. அறுவடைக் காலத்தில் பெண்களுக்கு ஒரு நாழிகைகூட ஓய்வு இல்லை. தண்ணீர் தொலைவிலிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். மூட்டையைப் பிரித்தவுடன் எழும் நெடி மாட்டுக்கு ஆகாது என்ற அச்சம் வேறு. அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. பிரித்த வைக்கோலைச் சிறிது நேரம் காற்றாட விட்ட பிறகே கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது, கரைத்த நீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பவற்றை நான் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன், அழுத்திச் சொல்லவில்லை.

பிறகு ஒரே வீட்டில், வேலை குறைந்த மாதத்தில், 20 கிலோ வைக்கோலுக்கு 800 கிராம் யூரியாவும் 10 லிட்டர் தண்ணீரும் என்று சுருக்கி, பழைய பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்து வைத்தோம். தண்ணீர் இரண்டு நடையில் முடிந்தது. மூன்று வாரம் கழித்து மாடு முதலில் முகர்ந்து பார்த்து விலகியது. வழக்கமான வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம் பழக்கியபின் முழுவதையும் தின்றது. அந்தப் பீப்பாயைப் பார்க்கத்தான் பக்கத்து வீட்டார் வந்தார்கள். என் செயல்விளக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகவே எந்த முறையையும் எடுத்துச் செல்வதற்கு முன் தாளில் இவற்றை எழுதிப் பாருங்கள்: இதற்கான உழைப்பு யாருடையது, எந்த மாதத்தில், தொடங்கக் கைப்பணம் எவ்வளவு, பலன் கண்ணுக்குத் தெரிய எத்தனை நாள், தோற்றால் இழப்பு யாருக்கு, நான் இல்லாதபோது பொருள் எங்கே கிடைக்கும். இவற்றில் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு மாட்டை நம்பி வாழும் குடும்பம் புதியதை ஏற்கத் தயங்குவதைப் பிடிவாதம் என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இழக்க ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் எச்சரிக்கையாக இருப்பது இயல்பு.

ஆறாம் படி: அவர்கள் விரும்பும் பலனோடு இணைத்துச் சொல்லுங்கள்

ஒட்டுக் கட்டும் இடம் இதுதான். சீம்பாலை எடுத்துக்கொள்வோம். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குப் பால் விடக் கூடாது என்ற வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஆனால் மாட்டின் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே கிடைக்கின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம் மிகுதியாக இருந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எனவே பிறந்த ஓரிரு மணி நேரத்திலேயே ஊட்டத் தொடங்கி, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர், முதல் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் விளக்கி, உங்கள் வழக்கம் தவறு என்று முடித்தால், வீட்டுப் பெரியவர் அமைதியாகக் கேட்டுவிட்டுத் தம் வழியிலேயே போவார். அவருடைய கவலை நஞ்சுக்கொடி. அந்தக் கவலையைக் கையில் எடுங்கள். கன்று மடியை முட்டிச் சப்பும்போது வெளியாகும் அதே ஹார்மோன், பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது, அதனால் நஞ்சுக்கொடி விழவும் அது துணை செய்கிறது என்று சொல்லுங்கள். அதாவது, நஞ்சுக்கொடி விழுவதற்காகவே கன்றை உடனே ஊட்டவிட வேண்டும். பெரியவரின் நோக்கம் அப்படியே இருக்கிறது, வரிசை மட்டும் மாறுகிறது. இந்த விளக்கத்தைக் கேட்ட ஒருவர், பால் கறக்கும்போது மாட்டுக்கு வயிறு இழுத்துப் பிடிப்பதைத் தாமே பார்த்திருப்பதாகச் சொல்லி, அதைப் பக்கத்தில் இருந்தவருக்கும் விளக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு நான் பேசத் தேவை இருக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் இழுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சேர்த்தேன்.

சினை ஊசி எனப்படும் செயற்கைக் கருவூட்டலிலும் இவ்வழி உதவும். பருவ அறிகுறியைக் கண்டுபிடிப்பதில் வளர்ப்போருக்குப் பயிற்சி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. நேரத்தில்தான் தவறு நேர்கிறது. காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது என்ற ஒரே விதியையும், இருபத்தொரு நாள் கழித்து மீண்டும் கவனிக்க நாட்காட்டியில் ஒரு வட்டத்தையும் சேர்த்துவிட்டால் போதும்.

ஏழாம் படி: சிறிய அளவில் தொடங்கி, கெட்ட செய்தியையும் முன்பே சொல்லுங்கள்

முதல் முயற்சிக்கு ஊரிலேயே வசதியானவரைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் அவர் கொட்டகையில் நடப்பது தங்களுக்குப் பொருந்தாது என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். நடுத்தர நிலையில், நான்கு பேர் யோசனை கேட்க வந்துபோகும் வீடாகப் பாருங்கள். எல்லா மாடுகளிலும் வேண்டாம். ஒரு மாட்டில், ஒரு பருவத்துக்கு மட்டும். பக்கத்தில் பழைய முறையில் வளரும் மாடு ஒன்று இருந்தால் ஒப்பிட வசதி. அளவை வளர்ப்பவரே குறிக்கட்டும். எழுத்தறியாதவராக இருந்தால் சுவரில் கரிக்கோடு போடலாம்.

தடுப்பூசியில் ஒன்றை மறக்கவே கூடாது. சில மாடுகளுக்கு ஊசி போட்ட ஓரிரு நாள் இலேசான காய்ச்சல் வரலாம், பால் சற்றுக் குறையலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். இதைச் சொன்னால் யாரும் முன்வர மாட்டார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சுற்றில் அந்தத் தெருவே மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டாம் நாள் நேரில் போய் மாட்டைப் பாருங்கள். தடுப்பூசிப் புட்டியை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைத்திருந்த பெட்டியையும் பனிக்கட்டியையும் அவர்கள் பார்க்கும்படி திறந்து காட்டுங்கள். ஏன் வெயிலில் வைக்கக் கூடாது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டவர், அடுத்த முறை உங்கள் பெட்டியைத் தாமே நிழலில் நகர்த்தி வைப்பார்.

எட்டாம் படி: திரும்பிப் போய்ப் பாருங்கள்

ஓராண்டு கழித்து, அழைப்பு இல்லாமலே ஒருமுறை செல்லுங்கள். கைவிட்டிருந்தால் காரணம் கேளுங்கள், கடிந்துகொள்ள வேண்டாம். தொடர்ந்து செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் நீங்கள் சொன்னபடியே செய்துகொண்டிருக்க மாட்டார்கள். அளவைக் குறைத்திருப்பார்கள், பாத்திரத்தை மாற்றியிருப்பார்கள், நேரத்தைத் தள்ளியிருப்பார்கள். அந்தப் பீப்பாய் வைக்கோல் வீட்டுக்கு நான் மறுபடி போனபோது, பீப்பாயின் மூடிக்கு மேல் ஈரக் களிமண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்து வெடிக்காதபடி அதன்மேல் நனைந்த சாக்கைப் போட்டிருந்தார்கள். என் பிளாஸ்டிக் உறையைவிட அது காற்றை நன்றாக அடைத்திருந்தது. மாற்றம் தீங்கானதா என்று முதலில் சரிபாருங்கள். யூரியாவின் அளவு, மருந்தின் அளவு, மருந்து கொடுத்தபின் பாலை விற்காமல் நிறுத்தி வைக்க வேண்டிய நாட்கள் போன்றவற்றில் மாற்றம் கூடாது. தீங்கில்லை என்றால், யார் செய்த மாற்றம் என்ற குறிப்போடு நோட்டில் எழுதிக்கொண்டு, அவர் சம்மதித்தால் அடுத்த ஊருக்கு அவரையே அழைத்துச் சென்று செய்துகாட்டச் சொல்லுங்கள்.